கொடி எழுத்துல ஒரு கருமாதி

எங்க அக்கா கருமாதிக்கு நாயனமும் தவிலும் வர வச்சவன் நான்தான். சாவு மேளம் இல்லீங்க, கல்யாண மேளம். பட்டுச்சேலை, சந்தனம், பூ, பழத்தட்டு எல்லாத்தோடயும் சொந்தக்காரக வாசல்ல வந்து நின்னாக. அதுக்கு நான் யாருகிட்டயும் போயி ஒரு பொய்யும் சொல்லல. பாதி வேலை ஈய எழுத்து பாத்துச்சு, மீதி வேலை என் கோட்டித்தனம் பாத்துச்சு. (எங்க பக்கம் கோட்டின்னா பைத்தியம். இங்கனயே சொல்லிட்டேன், போகப் போக உங்களுக்கே வெளங்கும்.)

அப்பம் நான் சிவகாசியில ஒரு பிரஸ்ஸுல அச்சுக் கோக்கிறவன். ரெண்டாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டுறவு விட்டுப் போச்சு. எழுத்து படிச்சதே பிரஸ்ஸுலதான், அதுவும் திருப்பி. ஈய எழுத்து கண்ணாடிக்குள்ள தெரியிற மாதிரி இடவலம் மாறித்தான இருக்கும்? அதனால சுவத்துல நேரா எழுதியிருக்கிற 'அ'னாவைப் பாத்தா, எனக்கு யாரோ வெளியூர் ஆளு மாதிரித் தெரியும். கொஞ்ச நேரம் நின்னு பழகித்தான் வாசிப்பேன்.

பிரஸ்ஸுல அன்னாடம் பொழங்குறது கட்டை எழுத்து. தடியா, குட்டையா, லோடு தூக்குற ஆளுக மாதிரி இருக்கும். கீழ போட்டு மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. ஓட்டு நோட்டீஸு, கடை பில்லு, ஏலம், கருமாதி, எல்லாம் அதுலதான்.

இன்னொண்ணு இருந்துச்சு. மொதலாளி மெட்ராஸுல இருந்து வாங்கியாந்தது. யாரோ மெல்லிசான நிப்பு வச்சு, ஒரு சோலியும் இல்லாம, சாவகாசமா உக்காந்து எழுதின மாதிரி சாஞ்சு சாஞ்சு போகும். சுழி எல்லாம் தலைமுடி கனம். வால் மேல ஏறிப் பக்கத்து எழுத்து தோள்ல கையப் போட்டுக்கிட்டு நிக்கும். நாங்க அதைக் 'கொடி எழுத்து'ம்போம். அம்புட்டு வீம்பு பிடிச்ச எழுத்து நான் பாத்ததில்ல. சட்டத்துல வச்சுக் கொஞ்சம் இறுக்கி முடுக்கினா, வால் பொட்டுன்னு போயிரும். பிரஷ்ஷால தேச்சுக் கழுவக் கூடாது. முரட்டுத் தாள் ஆகாது. கறுப்பு மை ஒரு சொட்டு கூடுனாப் போதும், சுழிக்குள்ள அடைச்சுக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடும். பஞ்சு விரிச்ச தனிப் பெட்டியில வச்சு மொதலாளி பூட்டியிருப்பாக. பெரிய கடைக்காரக வீட்டுக் கல்யாணம்னா தொறப்பாக. மத்தாப்பு டப்பாவுக்கு ஒட்டுற லேபிள்ல பேரு போட தொறப்பாக. மத்தபடி மேஸ்திரி தவிர யாரும் தொடக் கூடாது.

எங்க அக்கா பேரு பூரணம். என்னைய விட ரெண்டு மூணு வயசு மூப்பு. தீப்பெட்டி ஆபீஸுல லேபிள் ஒட்டும். அதுக்குப் பரிசம் போட்ட கையோட, வீணாப்போன புரூப் தாள் ஒண்ணைச் சோத்து வாளி மூடுறதுக்காக நான் வீட்டுக்குக் கொண்டு போயிருந்தேன். கொடி எழுத்துல அடிச்ச கல்யாணப் பத்திரிகை. அக்கா அதை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துச்சு.

"ஏலே, இது யாரு கையெளுத்து?"

"யாரு கையும் இல்ல. ஈயம்."

"போலே. ஈயத்துக்கு இம்புட்டு நளினம் வருமாக்கும்? என் பத்திரிகையும் இதுலதான் அடிக்கணும்."

"இது பெரிய வீட்டுக்காரகளுக்கு. நமக்குக் கட்டை எளுத்துதான்."

"அப்பம் மாப்பிள்ளை பேரைக் கட்டையில போடு. ஆளும் அப்படித்தான இருக்காக. எம் பேரை மட்டும் இதுல போடு. இல்லன்னா மணவடையில களுத்தை நீட்ட மாட்டேன், ஆமா."

எங்கம்மா அடுப்படியில இருந்து, "கட்டிக்கப் போறவரைக் கட்டைங்கா பாரு"ன்னு ஏசுச்சு. அக்கா சிரிச்ச சிரிப்புல சோத்து வாளி ஆடுச்சு.

நான் பெரிய மனுசன் கணக்கா மொதலாளிகிட்டப் போயிக் கேட்டேன். "பாப்போம்"னாக. மொதலாளிமாரு பாப்போம்னா, பாக்க மாட்டாகன்னு அர்த்தம். அந்த வெவரம் அப்பம் எனக்குத் தெரியாது. வீட்டுல வந்து, "மொதலாளி சரின்னுட்டாக"ன்னு அடிச்சு விட்டேன். அக்கா தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துருச்சு.

தீபாவளிச் சீசன் வந்ததும் பாத்திரம் பண்டம் சேக்கணும்னு அக்கா பட்டாசு ஆபீஸுக்கு மாறுச்சு. அங்கன கூலி கூட. எந்த ஆபீஸுன்னு நான் இங்க எழுதப் போறதில்ல. எழுதினாலும் அவுகளுக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல.

ஆவணி மாசம், ஒரு மத்தியானம், சத்தம் கேட்டுச்சு. சிவகாசியில சத்தம் கேட்டா யாரும் சட்டுன்னு திரும்பிப் பாக்க மாட்டோம். சாம்பிள் வெடி போடுறாகன்னு நெனைப்போம். நானும் அப்படித்தான் நெனைச்சேன். கையில கோத்துக்கிட்டு இருந்த வரியை முழுசா முடிச்சு, கடைசிப் புள்ளியும் வச்சுட்டுத்தான் நிமுந்தேன். தெருவுல எல்லாரும் ஓடிக்கிட்டு இருந்தாக.

அக்கா மூஞ்சியை எங்களுக்குக் காட்டல. துணி சுத்தித்தான் குடுத்தாக. கால்ல கெடந்த கொலுசை வச்சு அம்மா அடையாளம் சொல்லிச்சு. அம்புட்டுதான் அதைப் பத்தி.

கருமாதிக்கு நாள் குறிச்சாச்சு. கல்யாணம் ஆகாத பொண்ணு செத்தா எங்க சனத்துல பத்திரிகை அடிக்கிற வழக்கமே கிடையாது. கிட்ட இருக்கிறவகளுக்கு வாய்ச்சொல்லு, அதோட சரி. நான்தான் பிடிவாதமா நின்னேன். "பத்திரிகை அடிக்கணும்ப்பா."

"கன்னிப் பிள்ளைக்கு எவம்லே பத்திரிகை அடிப்பான்? ஊரு சிரிக்கும்"னாரு எங்கப்பா.

அம்மா சுவத்தைப் பாத்துக்கிட்டே சொல்லிச்சு: "அடிக்கட்டும். அவ பேரு ஒரு தாள்லயாவது வரட்டும். மல்லாங்கிணத்து மதினிக்கும் ஒண்ணு போடு."

அப்பா எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. மல்லாங்கிணத்து மதினின்னா எங்க அத்தை, அப்பாவோட கூடப் பெறந்த அக்கா. மல்லாங்கிணறுதான் எங்க சொந்த ஊரு, அங்கன எங்களுக்கும் அவுகளுக்கும் பொதுவா ஒரு கெணறு. தண்ணி பாச்சுற முறையில தகராறு வந்து, அப்பா எல்லாத்தையும் விட்டுட்டு எங்களைக் கூட்டிக்கிட்டு சிவகாசிக்கு வந்துட்டாரு. கெணத்துலயும் தண்ணி வத்திப் போச்சு, சண்டை மட்டும் வத்தல. பரிசத்துக்கும் அவுகளுக்குச் சொல்லல, சாவுக்கும் சொல்லல.

மேஸ்திரிகிட்ட கொடி எழுத்தைக் கேட்டேன். தொண்டையைச் செருமிக்கிட்டு மெதுவாத்தான் சொன்னாரு. "தம்பி, உன் மனசு எனக்குத் தெரியுது. ஆனா அது நல்லதுக்கு உள்ள எளுத்து. அதுல கருமாதி அடிச்சா அப்புறம் எவன் வீட்டுக் கல்யாணத்துக்குலே அது ஆகும்? கட்டையில அடி. நானே கோத்துத் தாரேன்."

சரிண்ணேன்னு தலையாட்டினேன். மறுநாள் மொதலாளி ஆர்டர் விசயமா மதுரைக்குப் போயிட்டாக. மேஸ்திரி சாவியை ஆணியில மாட்டிட்டுச் சாப்பிடப் போனாரு. அவ்வளவுதான், பெட்டியைத் தொறந்துட்டேன்.

என் வாழ்க்கையில அம்புட்டு நல்லா நான் எதையும் கோத்ததில்ல. ஒவ்வொரு எழுத்தையும் ரெண்டு விரலால, புள்ளை பெத்தவ பக்கத்துல படுத்துருக்கிற பச்சப்புள்ளையத் தூக்குற மாதிரித் தூக்கி வச்சேன். அக்கா பேரை நடுவுல பெரிய அளவுல வச்சேன். ஒரு வால் கூட ஒடையல. கறுப்பு மை போட்டு ஒரு தாள் அடிச்சுப் பாத்தா, சுழியெல்லாம் அடைச்சு, எறும்பு மொய்ச்ச மாதிரி இருந்துச்சு. அக்கா பேரு அப்படியா இருக்கணும்? தொடைச்சுட்டு, மிஷின்ல ஏற்கெனவே கெடந்த குங்குமச் செவப்பைப் போட்டேன். அடடா! கண்ணுல ஒத்திக்கிடலாம் போல வந்துச்சு. கொடி எழுத்து, செவப்பு மை. நான் செஞ்சது என்னன்னு எனக்கே உறைக்கல. கோட்டின்னு முதல்லயே சொன்னேன்ல?

அத்தோட விட்டேனா? அடிச்ச பத்திரிகைகளைக் கொண்டு போயி மடிக்கிற பொம்பளைக மேசையில வச்சேன். அவுகள்ல ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது. அவுக கைக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்: கொடி எழுத்து வந்தா கல்யாணம், கல்யாணம்னா நாலு மூலையிலயும் மஞ்சள் தொட்டு வைக்கணும். நான் திரும்பி வந்து பாக்கும்போது பாக்கியத்தக்கா பாதிக்கு மேல மஞ்சள் வச்சு முடிச்சிருந்துச்சு. "இந்தா பாரு, மங்களகரமா வச்சுட்டேன்"னு நீட்டுச்சு. என்னன்னு சொல்லுவேன்? வேணாம்னா என்னதுன்னு கேக்கும். சொன்னா அது அழுவும். அது அழுதா நான் அழுவேன். பேசாம மீதிக்கும் மஞ்சள் வைக்க விட்டு, வாங்கிக்கிட்டுப் போயித் தபால் பெட்டியில போட்டுட்டேன். வீட்டுல ஒரு ஆளுக்கும் காட்டல. அப்பா கேட்டதுக்கு, "போட்டாச்சு, போட்டாச்சு"ன்னேன்.

கருமாதி அன்னைக்கு வீட்டு முன்னால சின்னப் பந்தல். சாமியாடி போல ஒரு பெரியவரு வெளக்கு முன்னால உக்காந்து என்னமோ முணுமுணுத்துக்கிட்டு இருந்தாரு. மேஸ்திரி ஓரமா நின்னாரு. தெருக்கோடியில நாயனச் சத்தம் கேட்டுச்சு.

"யாரு வீட்டுலயோ கல்யாணம் போல"ன்னு ஒருத்தர் சொன்னாரு.

"கருமாதி நடக்கிற தெருவுல ஊதிக்கிட்டு வராங்க பாருங்க, கொஞ்சமாச்சும் ஈரம் இருக்கா?"ன்னு இன்னொருத்தர்.

சத்தம் நெருங்குச்சு. நெருங்கி, எங்க வாசல்லயே நின்னுருச்சு. ரெண்டு குதிரை வண்டி. முன்னால நாயனக்காரரும் தவுல்காரரும். வண்டியில இருந்து எங்க அத்தை எறங்குச்சு. அரக்குப் பட்டு, தலை நெறைய கதம்பம், நெத்தியில கோயில் வாசல் அளவுக்குக் குங்குமம். பின்னால மாமா, மகன், மருமக, கையில தட்டு தட்டா வெத்தலை பாக்கு, தேங்கா, வாழைப்பழம், ஒரு பச்சைச் சேலை, பித்தளைக் குடம்.

"ஏலே தம்பி!"ன்னு வாசல்ல நின்னு அத்தை கத்துன கத்து அடுத்த தெருவுக்குக் கேட்டுருக்கும். "இம்புட்டு வருசம் களிச்சாவது அக்கா இருக்கான்னு ஞாபகம் வந்துச்சே! சீர் செய்ய அத்தை இல்லாம எம் மருமக தாலி கட்டிக்கிடுவாளா? எங்கலே பொண்ணு?"

அப்பா தோள்ல துண்டோட எந்திரிச்சு வந்தாரு. மூஞ்சி பானைக் கரி மாதிரி இருந்துச்சு.

"மேளம் வச்சுக்கிட்டா வந்திருக்க? எம் மக செத்ததுல உனக்கு அம்புட்டு சந்தோசமா?"

"என்னலே உளறுத? யாரு செத்தா?"

"கெணத்துக்காக எம் பிள்ளை சாவுல வந்து கொட்டு அடிப்பியா நீ?"

தவுல்காரருக்குச் சங்கதி பிடிபட்டு அடிக்கிறதை நிப்பாட்டிட்டாரு. நாயனக்காரரு கண்ணை மூடி நல்ல இழுப்புல இருந்தாரு. அவரு பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே இருக்காரு. தவுல்காரரு குச்சியால இடுப்புல ஒரு குத்து குத்தினப்பெறகுதான் நின்னுச்சு. (அந்தக் குத்தை இப்பம் நெனைச்சாலும் எனக்குச் சிரிப்பு வரும். அன்னைக்கு வரல.)

மாமா பதறிப் போயி மடியில இருந்து பத்திரிகையை உருவினாரு. "இந்தா பாருங்க, நீங்க அனுப்பினதுதான? மஞ்சள் வச்சு, பேரு போட்டு அனுப்பிட்டு இப்பம் இப்படிப் பேசுனா என்னய்யா ஞாயம்?"

மேஸ்திரி அதைக் கையில வாங்கினாரு. அவரு அதை வாசிக்கவே இல்ல. எழுத்தைப் பாத்தாரு, பெறகு என்னையப் பாத்தாரு.

பக்கத்து வீட்டுக்காரர் மாமாகிட்ட, "நீங்க வாசிச்சுப் பாக்கலையா?"ன்னாரு.

"வாசிச்சேம்யா. 'நிகளும்'னு போட்டிருந்துச்சு, வாசிச்சேன். தேதி வாசிச்சேன். பூரணம்னு பெருசாப் போட்டிருந்துச்சு, அதையும் வாசிச்சேன். மத்தது எல்லாம் ஒரே கொடியா ஓடுச்சு. மாப்பிள்ளை அதுக்குள்ள எங்கனயாவது இருப்பாருன்னு விட்டுட்டேன். கன்னிப் பிள்ளைக்குக் கருமாதிப் பத்திரிகை உலகத்துல எவனாவது அடிப்பானா?"

எவனாவது அடிப்பானான்னு கேட்டதும் எல்லாரும் என் பக்கமாத் திரும்பினாக.

அப்பா துண்டைச் சுருட்டி அடிச்சாரு. துண்டு பத்தலைன்னு கையால அடிச்சாரு. பந்தக்காலைப் பிடிச்சுக்கிட்டே வாங்கினேன். "ஏம்லே? ஏம்லே அப்படிச் செஞ்ச?"

"அக்காவுக்கு அந்த எளுத்துதான் பிடிக்கும்"னேன்.

அப்பா கை அப்படியே நின்னுருச்சு. அத்தை பட்டுச்சேலையோட தெருப் புழுதியில உக்காந்து, தலையில இருந்த பூவைப் பிச்சுப் பிச்சு எறிஞ்சுச்சு. அது அழுத அழுகையில, பந்தல்ல அடங்கிக் கெடந்தவக எல்லாம் மறுபடி ஆரம்பிச்சாக. நாயனக்காரரு மட்டும் மாமா காதுகிட்டப் போயி, "ஐயா, நாங்க இருக்கணுமா, போகணுமா?"ன்னு கேட்டாரு. பாவம், அவருக்கு அது தெரியணும்ல.

உள்ள இருந்து அம்மா வந்துச்சு. நேரா அத்தைகிட்டப் போயி, மருமக கையில இருந்த தட்டை வாங்குச்சு.

"பூரணத்துக்குத்தான கொண்டாந்தீக மதினி? வெளிய வச்சுக்கிட்டு ஏன் நிக்கீக? உள்ள கொண்டாங்க."

அந்தப் பச்சைச் சேலையை எடுத்துப் பிரிச்சு, கரையைத் தடவிப் பாத்துட்டு, வெளக்கு முன்னால அம்மாவே வச்சுச்சு. சாப்பாட்டுப் பந்தியில நாயனக்காரரும் தவுல்காரரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சாப்பிட்டாக. சாயங்காலம் அப்பா, எங்கனயோ பாத்துக்கிட்டு, "சாப்பிட்டியாக்கா?"ன்னாரு. "ம்"னுச்சு அத்தை. கெணத்துச் சண்டை அதோட முடிஞ்சுது. அது முடியறதுக்கு எங்க அக்கா வெந்து சாகணும், நான் கோட்டிக்காரன் ஆகணும். நல்ல சமாதானம்!

அத்தை வீடு மட்டும் இல்ல. இன்னும் சில சொந்தக்காரகளும் பத்திரிகையைப் பாத்துக் கல்யாணம்னே இருந்திருக்காக. ஒருத்தர் மாப்பிள்ளைக்கு மோதிர அளவு கேட்டுக் கடுதாசி போட்டாரு. அப்பா அதை அடுப்புல போட்டாரு.

பிரஸ்ஸுல மொதலாளி என்னைய அடிக்கல. அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். "உன் துக்கம் எனக்கு வெளங்குது. என் துக்கத்தை நான் யாருகிட்டச் சொல்ல?"ன்னாக. ஊருக்குள்ள விசயம் பரவி, பெரிய வீட்டுக்காரக எல்லாரும் கருமாதி அடிச்ச எழுத்து எங்களுக்கு வேணாம்னுட்டாக. மெட்ராஸுல இருந்து வந்த அந்த வீம்பு பிடிச்ச எழுத்துக்கு அத்தோட கல்யாண யோகம் போச்சு. இப்பம் அது மத்தாப்பு லேபிளுக்கு மட்டும்தான் ஆகுது. பட்டாசு ஆபீஸ்காரகளுக்கு அந்தத் தீட்டு ஒண்ணும் பெருசாத் தெரியல. அவுகளுக்கு எதுதான் தெரிஞ்சுது? நான் வேலையில இருந்து நின்னு, இப்பம் ஒரு எடத்துல காலண்டருக்குத் தகரம் அடிக்கிறேன். தகரத்துக்கு நளினமும் கிடையாது, வாலும் கிடையாது.

கருமாதிப் பத்திரிகை வந்தா, பாத்த உடனே கிழிச்சுப் போட்டுறணும், வீட்டுல வச்சிருக்கக் கூடாது. அன்னைக்கே மாமா எங்க வாசல்ல நின்னு அதைக் கிழிக்கப் போனாரு. அத்தை பிடுங்கிக்கிடுச்சு. "மஞ்சள் வச்சதை எப்படிக் கிளிக்க?"ன்னுச்சு. மத்த வீடுகள்லயும் அதே கதைதான். கருமாதின்னு தெரிஞ்சதுக்கு அப்புறமும் மஞ்சளைப் பாத்துட்டு ஒருத்தருக்கும் கிழிக்கக் கை வரல. கல்யாணப் பத்திரிகைகளைக் குத்தி வைக்கிற கம்பியில அதையும் சேத்துக் குத்தி வச்சிருக்காக. புதுசா வாக்கப்பட்டு வர்ற பொண்ணுக கம்பியில பாத்துட்டு, "எம்புட்டு அளகான எளுத்து, இது யாரு கல்யாணம்?"னு கேக்குதுக. அதைச் சொல்லப் போயி, நாயனக்காரர் குத்து வாங்கினதைச் சொல்லி, மாப்பிள்ளை கொடிக்குள்ள இருந்ததைச் சொல்லி, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்காக. நான் அங்கன இருந்தா, "மாப்பிள்ளை கெடச்சாராலே?"ம்பாரு மாமா. நானும் சிரிச்சு வைப்பேன்.

இப்பம் எங்க சனத்துல அந்த நாளைக் கருமாதின்னு யாரும் சொல்றதில்ல. முதல்ல கேலிக்கு வேற ஒண்ணு சொன்னாக, பெறகு அதுவே பேராப் போச்சு. போன வாரம் பக்கத்து வீட்டுக்குப் புதுசாக் குடி வந்த பொம்பளை, எங்க வாசல்ல நிக்கிற முருங்கை மரத்தைப் பாத்து, எப்பம் வச்சதுன்னு அம்மாகிட்டக் கேட்டுச்சு. அம்மா கீரையை ஆஞ்சுக்கிட்டே, கொஞ்சமும் யோசிக்காமச் சொல்லிச்சு:

"பூரணம் கல்யாணத்துக்கு மறு வருசம்."

"ஓ, மகளா? எந்த ஊருல குடுத்திருக்கீக?"ன்னுச்சு அந்தப் பொம்பளை.

அம்மா காம்பைக் கிள்ளிப் போட்டுட்டு, "தூரம்"னுச்சு.